செத்துப்போன கிளப்புக்கு ஒரு ரசிகை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தபோது பொங்கல். இப்போது சித்திரை பிறக்கப்போகிறது. திட்டுவதையெல்லாம் ஒரே மூச்சில் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முதுகுவலி, சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, எனக்கு வழக்கம்போல நைட் டியூட்டி. நீ எழுதியிருந்த கல்யாணம் நடந்ததா, இல்லை பழையபடி சைக்கிள் விவகாரம்தானா? அடுத்த கடிதத்தில் முழுசாக எழுது. பாதியில் விட்டால் நம்ம கால்பந்து மாஸ்டரிடம் சொல்லிவிடுவேன்.

"இத்தனை வருஷமாக கிளாஸ்கோவில் இருக்கிறாயே, நீ செல்டிக்கா ரேஞ்சர்ஸா?" என்று கேட்டிருந்தாய். அடியே, பச்சைச் சட்டை செல்டிக், நீலச் சட்டை ரேஞ்சர்ஸ், இந்த இரண்டு கால்பந்து கிளப்பில் நீ எந்தப் பக்கம் என்று இந்த ஊரில் கேட்காத ஆளே கிடையாது. டாக்சிக்காரர் கேட்பார், ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளி கேட்பார், சின்னவன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாக்கள் கேட்பார்கள். பச்சை என்றால் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும், நீலம் என்றால் மீதிப் பேருக்கு. எனக்கு எதற்கு வம்பு? ஒரு பதில் வைத்திருக்கிறேன்: தேர்ட் லானார்க். கேட்டவர் ஒரு நொடி முழிப்பார், அப்புறம் சிரித்துவிடுவார். அந்தக் கிளப்பை 1967-லேயே இழுத்து மூடிவிட்டார்கள். செத்தவர்களோடு யாருக்கு என்ன சண்டை?

விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தது இப்போது முற்றிப்போய்விட்டது. கீழ்வீட்டுத் தாத்தாதான் காரணம். என் பதிலைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார். நீளமான கணக்கு நோட்டு, நம்ம ரேஷன் கடையில் இருக்குமே, அந்த மாதிரி. சீசனுக்கு ஒரு வரி. வருஷம், எந்த டிவிஷன், எத்தனையாவது இடம், ஜெயித்தது, டிரா, தோற்றது, போட்ட கோல், வாங்கிய கோல், புள்ளி, கடைசிக் கட்டத்தில் கோப்பை. பழைய வருஷங்கள் அவருடைய அப்பா கையெழுத்து, நடுவிலிருந்து இவருடையது. மேல் டிவிஷனுக்கு ஏறிய வருஷம் சிவப்பு மை, இறங்கிய வருஷம் பென்சில். ஏன் பென்சில் என்று கேட்டேன். "அப்பாவுக்கு அதை மையால் எழுத மனசு வரவில்லை" என்றார்.

நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இவர் முறைக்கிறார்.

ஆரம்பமே ரகளை. 1872-ல் ராணுவத் தொண்டர் படை ஒன்றின் சிப்பாய்கள் சேர்ந்து தொடங்கிய கிளப் இது. லானார்க்‌ஷயர் துப்பாக்கித் தொண்டர் படையின் மூன்றாம் பிரிவு, அதனால்தான் இந்தப் பெயர். சட்டையும் சிப்பாய்ச் சிவப்பு. மறு வருஷம் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தை எட்டு கிளப்புகள் சேர்ந்து உண்டாக்கியபோது இவர்களும் அதில் ஒருவர். 1889 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டியில் செல்டிக்கை 3-0 என்று அடித்தார்கள். ஆனால் அன்றைக்குக் கொட்டிய பனியில் அது ஆட்டமே இல்லை என்று சொல்லி, அடுத்த வாரம் திரும்ப ஆடச் சொன்னார்கள். திரும்ப ஆடியும் 2-1 என்று ஜெயித்தார்கள்! உனக்கும் எனக்கும் இப்படி ஒரு ஃபைனலை ரத்து செய்திருந்தால் நீ ரெஃப்ரியின் விசிலைப் பிடுங்கித் தின்றிருப்பாய்.

லீக் என்று ஒன்று தொடங்கியது 1890-ல். அதிலும் இவர்கள் முதல் வரிசை. முதல் சீசனிலேயே, தகுதியில்லாத ஆளை இறக்கிவிட்டதாகச் சொல்லி நான்கு புள்ளியை வெட்டிவிட்டார்கள். செல்டிக்குக்கும் அதே தண்டனைதான் என்பது தாத்தாவுக்கு இன்றைக்கும் ஓர் ஆறுதல். அப்புறம் 1903-04. நோட்டில் அந்த வரியைச் சுற்றி அவருடைய அப்பா கட்டமே போட்டிருக்கிறார். 26 ஆட்டம், 43 புள்ளி, லீக் சாம்பியன். அடுத்த வருஷமே, 1905-ல், ரேஞ்சர்ஸைத் திரும்ப ஆடிய இறுதிப் போட்டியில் 3-1 என்று வென்று மறுபடி ஸ்காட்டிஷ் கோப்பை. அதோடு சரி. சாம்பியன் பட்டமும் அந்தக் கோப்பையும் பிறகு வரவே இல்லை. 1906 இறுதிப் போட்டியில் ஹார்ட்ஸிடம் 1-0 என்று தோல்வி, 1936-ல் ரேஞ்சர்ஸிடம் 1-0 என்று தோல்வி.

நடுவில் முப்பது வருஷம் ராட்டினம்தான். 1925-ல் கீழே, 1928-ல் மேலே, மறு வருஷமே கீழே, 1931-ல் மேலே, 1934-ல் கீழே, 1935-ல் மேலே. போருக்குப் பிறகு 1953-ல் மறுபடி கீழே, 1957-ல் மறுபடி மேலே. சிவப்பும் பென்சிலுமாக அந்தப் பக்கங்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் ஒன்று, இறங்கினால் ஏறிவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டிருக்கும். இறங்குவது ஒரு பெரிய பயமாகவே இருந்திருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

இப்போது உனக்காகவே ஒரு சீசன். 1960-61. தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 34 ஆட்டம், 20 வெற்றி, 12 தோல்வி, டிரா இரண்டே இரண்டு! போட்ட கோல் 100. லீக் ஜெயித்த ரேஞ்சர்ஸே 88-தான். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது 94. நூறுக்கு ஆறு வேண்டும். ஹிபர்னியனை 6-1 என்று அடித்துச் சரியாக நூறில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நோட்டில் அந்த 100-க்குக் கீழே மூன்று கோடு, பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அலெக்ஸ் ஹார்லி என்ற ஒரே ஆள் 42 கோல். உன்னை மாதிரி, பந்து வந்தால் பாஸ் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாங்கிய கோல் 80! எண்பது வாங்கிவிட்டு ஒரு டீம் மூன்றாமிடம் வந்திருக்கிறது. கோலைத் தடுக்க நிற்கிற பேக்குகள் என்ன செய்தார்கள்? நம்ம மாஸ்டர் கையில் கிடைத்திருந்தால் அத்தனை பேரையும் வெயிலில் பதினாறு ரவுண்டு ஓடவிட்டிருப்பார். "நீங்கள் எண்பது வாங்கினால் நாங்கள் நூறு போடுகிறோம், போதாதா?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். ஒவ்வொரு ஃபார்வர்டும் இதைத்தான் சொல்வாள். கோல்கீப்பர் ஜாக்கி ராபர்ட்சன் ரொம்பக் குட்டையானவராம். 1959 லீக் கோப்பை இறுதியில் ஹார்ட்ஸிடம் 2-1 என்று தோற்றபோது அவர் பிடித்த பந்துகளைப் பற்றித் தாத்தா அரை மணி நேரம் பேசினார். கோலைத் தடுக்கிற எங்கள் ஜாதிக்கு ஒரு நியாயம் கிடைத்தமாதிரி இருந்தது.

சரி, இதற்கடுத்து நான்கு வரி தள்ளிப் பார்.

1964-65. 34 ஆட்டம். 3 வெற்றி, 1 டிரா, 30 தோல்வி. புள்ளி 7. போட்டது 22, வாங்கியது 99.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நூறு போட்டவர்கள், நூறுக்கு ஒன்று குறைய வாங்கியிருக்கிறார்கள். நானும் விடாமல் அந்த சீசனின் முழுப் பட்டியலையும் தேடிப் பார்த்தேன். அந்த வருஷம் அதிகக் கோல் வாங்கியது இவர்கள்கூட இல்லை. ஏர்ட்ரியோனியன்ஸ் 110 வாங்கியும் இரண்டு மடங்கு புள்ளி எடுத்திருக்கிறார்கள். ஆக இந்தத் தடவை பேக்குகள் மேல் மட்டும் பழி போடாதே. ஹார்லி தனி ஆளாக 42 போட்ட இடத்தில் இப்போது மொத்த டீமுக்கும் 22. ஏன் என்றால் ஹார்லி இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்குப் போய்விட்டார், டேவ் ஹில்லி நியூகாசிலுக்கு, மேட் கிரே மான்செஸ்டர் சிட்டிக்கு. அவர்கள் இடத்துக்கு அவர்களைப்போல யாரும் வரவில்லை. 1962-ல் பில் ஹிடில்ஸ்டன் என்பவர் கிளப்பைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்துக்கே கேப்டனாக இருந்த ஜார்ஜ் யங்தான் அப்போது மேனேஜர். அவர் விலகிக்கொண்டார்.

பட்டியலில் இதெல்லாம் கிடையாது, செல்வி. பட்டியலில் எண் மட்டும்தான்.

அந்த 1964-65-ஓடு மறுபடி கீழே. முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இந்தத் தடவை ஏறவே இல்லை. அப்புறம் கடைசி வரி. 1966-67, இரண்டாவது டிவிஷன், 20 கிளப்பில் 11-வது இடம். நடுவில்! எனக்கு இதுதான் தாங்கவில்லை. கடைசி இடத்தில் கிடந்து செத்த கிளப் இல்லை இது. அந்த டிவிஷனில் இவர்களுக்குக் கீழே ஒன்பது கிளப் இருந்தன. ஏப்ரல் 25-ம் தேதி சொந்த மைதானத்தில் குயின் ஆஃப் தி சவுத் என்ற கிளப்போடு 3-3. முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து டம்பார்ட்டனில் 5-1 என்று தோல்வி. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் ட்ரூ பஸ்பி, அப்போது சின்னப் பையன். அடுத்த சீசன் அட்டவணையில் பெயர் இல்லை. கடன், நீதிமன்றம், கலைப்பு. அரசாங்கத்தின் வர்த்தக வாரியம் விசாரித்துக் கொடுத்த அறிக்கை ஹிடில்ஸ்டனைக் கடுமையாகச் சாடியது. ஆனால் அவர் 1967 நவம்பரிலேயே மாரடைப்பில் போய்விட்டிருந்தார். மற்ற இயக்குநர்கள் சிலர் கம்பெனிச் சட்டத்தை மீறியதற்கு அபராதம் கட்டினார்கள். குளிக்க வெந்நீர் இல்லாமல் ஆடிய கதை, பல்பைக் கழற்றிவிட்ட கதை என்று தாத்தா நிறைய வைத்திருக்கிறார். எது நடந்தது, எது நடந்த பிறகு வளர்ந்தது என்று அவருக்கே இப்போது தெரியாது.

நோட்டில் அந்த வரிக்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள் என்று நினைக்காதே. அவருடைய மனைவி அவற்றில் ஸ்வெட்டர் பின்னுகிற கணக்கு எழுதியிருக்கிறார். வீணாக்குவானேன் என்று நினைத்திருப்பார்.

போன வாரம் லீவில் மைதானத்தைப் பார்க்கப் போனேன். கேத்கின் பார்க். ஸ்காட்லாந்தின் தேசிய மைதானமான இன்றைய ஹாம்ப்டனிலிருந்து நடக்கிற தூரம்தான். 1903 வரைக்கும் இதுதான் ஹாம்ப்டன். குயின்ஸ் பார்க் கிளப் காலி செய்துவிட்டுப் போனதும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த 1889 பனி ஃபைனல் நடந்ததும் இதே தரையில்தான். இப்போது நகரத்துப் பூங்கா. மூன்று பக்கமும் நின்று பார்க்கிற படிகள் அப்படியே இருக்கின்றன. படிக்கும் படிக்கும் நடுவே மரம் வளர்ந்திருக்கிறது. கூட்டம் நெருக்காமல் இருக்கப் போட்ட இரும்புக் கம்பிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கையெல்லாம் பாசி. கீழே சின்னப் பசங்கள் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன், லெஃப்ட் பேக், ஒவ்வொரு தடவையும் ஆளை விட்டுவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்திவிட்டேன், தமிழில். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டு உன்னிடம் வருகிறேன். நம்ம கிளப்புக்குப் புதுத் தலைவர் வந்திருக்கிறார், டீம் பரவாயில்லை, லீக்கில் நடுவில் இருக்கிறோம், கவலை இல்லை என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே, கணக்கு நோட்டு இப்போது உன்னிடம் இல்லை, அவர் வீட்டில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்துப் படித்தாயா நீ? பொருளாளர் நீ. நோட்டு அவர் வீட்டில் என்ன செய்கிறது? பேங்கில் கையெழுத்து இன்னும் இரண்டு பேர் போடவேண்டுமா, இல்லை ஒருவர் போதும் என்று மாற்றிவிட்டார்களா? கிரவுண்டு குத்தகைப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது? பைபாஸ் அந்தப் பக்கம் வந்த பிறகு அந்த இடத்துக்கு என்ன விலை என்று உனக்கே தெரியும்.

அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவரைத் தெரியாது. நல்லவராகவே இருக்கட்டும், நல்லவருக்கு நோட்டைக் காட்ட என்ன கஷ்டம்? நீ கேட்கத் தயங்குவாய் என்று தெரியும், உனக்கு சீருடைக்குக் காசு கொடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. அதனால் ஒன்று செய். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் கேள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. கூட்டத்தில் மினிட்ஸில் ஏற்றச் சொல். மாஸ்டரையும் பக்கத்தில் உட்கார வை. அவர் வாயைத் திறக்கவேண்டாம், உட்கார்ந்திருந்தாலே போதும்.

பதில் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. போனில் சொல்லாதே, உன் குரலைக் கேட்டால் நான் சிரித்துவிடுவேன், விஷயம் போய்விடும். எழுது.

பெரியம்மாவுக்கு என் விசாரிப்பு. அந்த எலுமிச்சை ஊறுகாயை இந்தத் தடவையாவது பாட்டிலில் அனுப்பாதே, போன முறை பார்சலைத் திறந்தபோது இவருடைய புதுச் சட்டைதான் ஊறியிருந்தது.

உன்
சுமதி

பி.கு. திண்டுக்கல்லில் நீ போட்டது ஆஃப்சைடுதான். மாஸ்டர் என்ன சொன்னாலும் சரி.