"முட்டைக்கும் கறிக்கும்" என்ற சொற்களை ஏன் எடுத்துவிட்டோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் குஞ்சுப் பட்டியலில் சில இனங்களுக்கு நேரே "முட்டைக்கும் கறிக்கும்" என்று இதுவரை அச்சிட்டு வந்தோம். அடுத்த பட்டியலில் அந்தச் சொற்கள் இருக்காது. அவை பொய் அல்ல. ஆனால் முதன்முதலாகக் கோழி வளர்க்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, முட்டைக்கென்றே வளர்க்கும் லேயர் கோழி இடும் அளவுக்கு முட்டையையும் கறிக்கென்றே வளர்க்கும் பிராய்லர் தரும் அளவுக்குக் கறியையும் ஒரே கோழியிடம் எதிர்பார்க்கிறார்கள். பிறகு ஏமாந்து போய் எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் மீது குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை, எழுதியது நாங்கள்தானே.

விஷயம் எளிது. கோழி தின்கிற தீவனம் முட்டையாகவும் போகலாம், சதையாகவும் போகலாம். இரண்டிலும் நிறைய வேண்டும் என்றால் நடக்காது. வெள்ளை லெகார்னைப் பாருங்கள். பெட்டையின் எடை இரண்டு கிலோ அளவில்தான் நிற்கும். அந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு, நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 280 முட்டைக்குக் குறையாமல் இடும். அதே இனத்துச் சேவலைக் கறிக்காக வளர்த்தால் எலும்பைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

பிராய்லர் இதற்கு நேர் எதிர். அகன்ற மார்புள்ள கார்னிஷ் கோழியையும் வெள்ளை பிளைமவுத் ராக்கையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக எடைக்காகவே தேர்ந்தெடுத்த கலப்பு அது. ஆறேழு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அதற்குமேல் வயிறு நிறையத் தீனி போட்டு வைத்திருந்தால் காலும் தாங்காது, இதயமும் தாங்காது. எங்களிடம் பிராய்லர் குஞ்சு வாங்கிய ஒருவர், "இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறதே, முட்டைக்கும் வைத்துக்கொள்வோம்" என்று அறுக்காமல் விட்டுவிட்டார். மூன்றாவது மாதத்திற்குள் பாதிக்கு மேல் செத்துப்போயின. என்ன நோக்கத்துக்கு வாங்குகிறீர்கள் என்று அன்றைக்கு நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் ரோட் ஐலண்ட் ரெட், வரிப் பிளைமவுத் ராக், சஸெக்ஸ், ஆஸ்ட்ரலார்ப், ஆர்பிங்டன் போன்றவை. நல்ல கோழிகள், எங்களுக்கும் பிடித்தவை. ஆனால் விளம்பரங்களில் வரும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்ட்ரலார்ப் என்றதும் எல்லாரும் ஒரு பழைய சாதனையைச் சொல்வார்கள். 1922-23இல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டன. அதாவது தலைக்கு ஏறக்குறைய 309. உண்மைதான். அவை போட்டிக்கென்றே பொறுக்கி எடுத்த கோழிகள். உங்கள் கொட்டிலில் இருநூறைத் தாண்டினாலே மகிழுங்கள்.

முட்டை எண்ணிக்கைக்கு இனம் மட்டும் பொறுப்பல்ல. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. எனவே எந்தக் கோழியாலும் ஆண்டு முழுக்க நாள் தவறாமல் இட முடியாது. நாளுக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் கிடைக்காவிட்டால் எண்ணிக்கை இறங்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் பல வாரம் ஒன்றுமே இராது. ஆர்பிங்டன் போன்ற கனத்த இனங்கள் அடிக்கடி அடைகாக்கவும் உட்கார்ந்துவிடும். அப்போதும் முட்டை நின்றுபோகும். லெகார்ன் அடை உட்காருவது அபூர்வம். ஆனால் அது வேலியைத் தாண்டிப் பறக்கும், மனிதரைக் கண்டால் மிரளும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆர்பிங்டன்தான் தோழன். ஒரே ஒரு எச்சரிக்கை: அடர்ந்த இறகுள்ள அந்தக் கனத்த உடம்பு வெயிலில் மிகவும் தவிக்கும். பெரிய கொண்டையும் சிறிய உடம்பும் உள்ள லெகார்ன் வெப்பத்தை எளிதில் வெளியேற்றிவிடும்.

பழுப்பு முட்டைக்குச் சத்து அதிகமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

இனி யாரும் முன்கூட்டி யோசிக்காத விஷயத்துக்கு வருகிறோம். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். அவற்றை என்ன செய்வது? முட்டைக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரியாது என்பது மட்டுமே வித்தியாசம். நடுத்தர இனத்துச் சேவல் கறிக்கு ஏற்ற எடைக்கு வர 16 முதல் 20 வாரம் ஆகும். பிராய்லர் எடுக்கும் காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. அத்தனை வாரமும் அது தின்றுகொண்டே இருக்கும், விடியற்காலையில் கூவிக்கொண்டும் இருக்கும். கறி கொஞ்சம் கெட்டியாக இருக்கும். மெல்ல வேகவைத்தால் சுவை நன்றாகவே இருக்கும். இந்தக் கணக்கு உங்களுக்குச் சம்மதம் என்றால், நடுத்தர இனம் உங்களுக்கு ஏற்றதுதான்.

சம்மதமில்லை என்றால் பெட்டைக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். சில கலப்புகளில் பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று தெரிந்துவிடும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வரிப் பிளைமவுத் ராக் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் புள்ளி உள்ளது சேவல், இல்லாதது பெட்டை. ஆனால் இந்தக் கலப்பிலிருந்து நீங்களே குஞ்சு பொரித்தால் அடுத்த தலைமுறையில் அந்த அடையாளமும் நிற்காது, முட்டைத் திறனும் சீராக வராது. சொந்தமாகக் குஞ்சு எடுத்துப் பெருக்க நினைப்பவர்கள் தூய இனத்தையே வாங்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், புதியவர்கள் முதல் ஆண்டில் முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினப் பெட்டைகள் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கறி வேண்டுமென்றால் பிராய்லரைத் தனி அடைப்பில், தனித் தொகுதியாக ஒருமுறை வளர்த்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக விட வேண்டாம், தீவனமே வேறு. லேயர் தீவனத்தில் ஓட்டுக்காகக் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம் இருக்கும். வளரும் குஞ்சுக்கு அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும். பெட்டை முட்டையிடத் தொடங்கும் தறுவாயில், அதாவது கலப்பினம் என்றால் சுமார் 18 வாரத்தில், அந்தத் தீவனத்துக்கு மாற்றினால் போதும். கனத்த இனங்களுக்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

அடுத்த மாதம் முதல் எங்கள் முன்பதிவுத் தாளில் இனத்தின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கும்: "சேவல் குஞ்சு வந்தால் என்ன செய்வீர்கள்?" அதற்குப் பதில் எழுதாமல் வரும் தாளைத் திருப்பி அனுப்புவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் குஞ்சுப் பொரிப்பகத்தார்