ரிமோட் விளக்கும் ரங்கூன் கரண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைபேசியைத் தட்டினால் விளக்கு எரியும் வீடுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரங்கூனில் தாம்வே பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் நான். எங்கள் ஊருக்கு வைஃபை பல்பு ஒத்துவராது. கரண்ட் போனால் ரௌட்டரும் சேர்ந்து போகும். கரண்ட் இருக்கும்போது இணையம் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்தக் கட்டுரை பழைய முறை என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட அகச்சிவப்பு ரிமோட்தான், அதாவது டிவி ரிமோட்டைப்போல் கண்ணுக்குத் தெரியாத கதிரால் வேலை செய்வதுதான், இங்கே உதவுகிறது. அதையும் சரியாக மாட்டினால்தான் உதவும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே இதைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அல்லது வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவர்கள் பிள்ளைகள். டவுன் அடுக்குமாடி வீடுகளின் அமைப்பு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் நீளமாக ஒரே கூடம். சுவிட்ச் எல்லாம் வாசல் கதவருகே. கட்டில் கிடப்பதோ கூடத்தின் உள்பக்கம், கொசுவலைக்குள். முட்டிவலிக்காரர்கள் ராத்திரி எழுந்தால் சுவரைத் தடவிக்கொண்டே போகவேண்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை ஆடம்பரம் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அண்மையில் மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய ரிமோட் செட்டை வேறு யாரோ மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "தம்பி, பகலில் நல்லாத்தான் இருக்கு, பொழுது சாய்ந்தால் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது" என்றார் அந்த அம்மா. மாலை ஏழு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தேன். 230 இருக்கவேண்டிய இடத்தில் 160 வோல்ட். ரிமோட் சொல்வதைக் கேட்டு விளக்கை இயக்கும் போர்டுக்குள் ரிலே, அதாவது கரண்டால் தானே இயங்கும் சுவிட்ச், கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, விளக்கும் கூடவே மினுக்கியது.

காரணம் சின்னதுதான். விலை குறைந்த போர்டுகளில் வோல்ட்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கண்டென்சரை வைத்தே 230 வோல்ட்டை இறக்கிவிடுவார்கள். 0.47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் என்றால் 50 ஹெர்ட்ஸில் 34 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் விடும். அந்தக் கணக்கில்தான் ரிலேயும் பொருத்தியிருப்பார்கள். வோல்ட்டேஜ் 160க்கு இறங்கினால் அதில் முக்கால் பங்குகூட வராது, ரிலே பிடித்து நிற்காது. அப்புறம் இன்னொன்று: கரண்ட் போனதும் வீட்டை மலிவான இன்வெர்ட்டருக்கு மாற்றுகிறோம் அல்லவா, அதிலிருந்து சீரான வளைவாக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்கி வரும் கரண்ட் அலை இந்தக் கண்டென்சர் வழியாக அளவுக்கு மீறிப் பாயும். போர்டு சூடாகிக் கருகுவது அதனால்தான். இந்த வகைப் போர்டில் ரிமோட்டைப் பிடிக்கும் அந்தக் கறுப்புக் கண்ணின் கால்களில்கூட மெயின் கரண்ட் இருக்கும். தூசி போகவில்லை என்று ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள், அதைத் தொடவே கூடாது.

எனவே செட் வாங்கும்போது போன் சார்ஜரில் இருப்பதுபோல் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் பவர் சப்ளை உள்ளதா என்று பாருங்கள். அந்த அம்மா வீட்டில் அப்படிப்பட்ட போர்டையே மாற்றி வைத்தேன். கொசுவலைக்குள் படுத்தபடியே அமுக்கிப் பார்த்தார், வேலை செய்தது. வலை இந்தக் கதிரைத் தடுக்காது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தாலும் கண் பிடித்துக்கொள்ளும். நேர் வெயில் அதன் மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சுவர் சுவிட்சைப் பற்றி. ரிமோட் வந்துவிட்டதே என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அந்த அம்மா வீட்டிலும் அப்படித்தான், சுவரில் ஓட்டையை மூடி வெள்ளைத் தகடு. ரிமோட் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாலோ பேட்டரி தீர்ந்துவிட்டாலோ அவர் ராத்திரி முழுக்க இருட்டில் கிடக்கவேண்டியதுதான். மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச் வைக்கிறோமே, அதே கனெக்ஷன் போதும். மேல்மாடி சுவிட்ச் இருக்கும் இடத்தில் ரிலே, கீழ்ச் சுவிட்ச் இடத்தில் சுவரில் ஒரு டூவே சுவிட்ச், அதாவது கரண்டை இரண்டு வயர்களில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிடும் சுவிட்ச். ரிமோட்டிலும் எரியும், சுவரிலும் எரியும். போர்டு செத்தே போனாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்யும். கூடுதல் செலவு ஒரு டூவே சுவிட்சும் கொஞ்சம் வயரும்தான். கரண்ட் போகுமுன் விளக்கு எப்படி இருந்தது என்பதை நினைவு வைக்காத சாதாரணப் போர்டாக இருந்தால், கரண்ட் திரும்பி வரும்போது விளக்கு எரியவேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்பதையும் அந்தச் சுவிட்சை மேல்பக்கம் தட்டி வைப்பதா கீழ்ப்பக்கம் தட்டி வைப்பதா என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து விளக்கு பளீரென்று எரிந்து தூக்கம் கெட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரிலே ஃபேஸ் வயரில்தான், அதாவது கரண்டைக் கொண்டுவரும் வயரில்தான், இருக்கவேண்டும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரை வெட்டினால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றப் போகிறவரைப் பிடித்துவிடும். சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வராத பழைய வீடுகளில் போர்டை மேலே விளக்கருகே வைத்துவிடலாம். அப்போது மாடிப்படி கனெக்ஷனுக்காகச் சுவிட்சிலிருந்து மேலே வயர் கூடுதலாக இழுக்கவேண்டும், அலுத்துக்கொள்ளாமல் இழுத்துக் கொடுங்கள் என்று என் தொழிலில் உள்ள தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ரிமோட் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அதன் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி அமுக்குங்கள். ஊதா நிறத்தில் மினுங்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு போர்டில். எங்களைக் கூப்பிடும் முன் இதைப் பார்த்துவிட்டால் உங்களுக்குக் காசு மிச்சம்.

இந்த மாடிப்படி கனெக்ஷனைத் தெளிவாகப் படம் வரைந்து வைத்திருக்கிறேன். ஞாயிறு இதழில் இடம் ஒதுக்கினால் உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகர்,
தாம்வே, ரங்கூன்.