சிறு மேடை டிரம்ஸ் செட்டில் குறைபாடுகள்: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
கருவிப் பொறுப்பாளர்கள்,
மெல்லிசைக் குழு,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோலாலம்பூர்.

பொருள்: உங்கள் பினாங்குக் கிளையில் வாங்கிய "சிறு மேடை" டிரம்ஸ் செட்டின் குறைபாடுகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் பினாங்குக் கிளையில் 3,200 ரிங்கிட் கொடுத்து எங்கள் குழு ஒரு டிரம்ஸ் செட் வாங்கியது. பெடலை மிதித்து வாசிக்கும் பேஸ் டிரம் 18 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். டாம் 10க்கு 7. தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 14க்கு 12. அடிப்பக்கம் கம்பிச்சரம் பூட்டிய ஸ்னேர் 13க்கு 5. இவற்றோடு பெடல், ஹை-ஹேட் (காலால் இயக்கும் இரட்டைத் தட்டு) ஸ்டாண்டு, இரண்டு சிம்பல் (உலோகத் தட்டு) ஸ்டாண்டு, ஸ்னேர் ஸ்டாண்டு. குறைகளைக் கிளையில் நேரில் சொன்னோம், எழுத்திலும் கொடுத்தோம். "சின்ன செட் என்றால் சத்தம் இப்படித்தான் இருக்கும்" என்பதே கிடைத்த பதில். அந்தப் பதில் தவறு. எங்கே தவறு என்பதை அளவுகளோடு இங்கே எழுதுகிறோம். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் அளவு பற்றி. ஜாஸ் இசையில் 18 அங்குல பேஸ் டிரம் 1960களிலேயே மேடை கண்டது. ஜாஸ் டிரம்மர்கள் டோனி வில்லியம்ஸ், எல்வின் ஜோன்ஸ் இருவருமே அந்த அளவில் வாசித்தவர்கள். இன்றைக்கு 16 அங்குல பேஸ் டிரம்மோடும் செட்டுகள் வருகின்றன. லுட்விக் நிறுவனத்தின் பிரேக்பீட்ஸ் செட் அப்படிப்பட்டது. பேஸ் டிரம்மைத் தூக்கி வைக்கும் ரைசரையும் அதனோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். அளவு குறைந்தால் ஒலியின் கனம் கொஞ்சம் குறையும், சுருதி கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான். ஒலி உடைவதும், டாம் பாதிப் பாட்டில் தலை சாய்வதும், ஸ்னேர் ஓயாமல் இரைவதும் அளவால் வருவதல்ல. பொருந்தாத உதிரிபாகங்களால் வருவது.

நாங்கள் வாசிப்பது கடைவீட்டு மாடி உணவகங்கள், ஆலய மண்டபங்கள், பிறந்தநாள் விழாக்கள், சில நேரம் அஞ்சடி (கடைவீட்டு முன் நடைபாதை) ஓரம். டிரம்ஸுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் கிடைத்தாலே அதிகம். குறுகிய படிக்கட்டில் ஒருவர் தூக்கி ஏறவேண்டும், மைவி காரின் பின்னிருக்கையை மடக்கினால் முழு செட்டும் அடங்கவேண்டும், பேஸ் டிரம்முக்கு மைக் இல்லாமலே ஒலி போதவேண்டும். வாங்கும் முன்பே இவை எல்லாவற்றையும் உங்கள் விற்பனையாளரிடம் சொன்னோம், வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பினோம். "இதற்கென்றே செய்த செட்" என்று பதில் வந்தது. அந்த உரையாடலின் படத்தை இணைத்திருக்கிறோம்.

இனி பேஸ் டிரம். சாதாரண பெடல் 22 அங்குல டிரம்மின் நடுவில் அடிக்கும் உயரத்துக்குச் செய்யப்பட்டது. 22 அங்குல டிரம்மின் மையம் தரையிலிருந்து சுமார் 11 அங்குலம். 18 அங்குல டிரம்மின் மையம் சுமார் 9 அங்குலம். ஆகவே அதே பெடலைப் பூட்டினால் பீட்டர் (பெடலில் உள்ள அடிக்கும் தலை) மையத்துக்கு 2 அங்குலம் மேலே போய் அடிக்கும். விளிம்பை நெருங்க நெருங்க அடியொலி மெலிந்து மேலொலிதான் கூடும். "டும்" வரவேண்டிய இடத்தில் "டொக்" வருவதற்குக் காரணம் இதுதான். இதைத் தீர்க்கத்தான் ரைசர். டிரம்மை 5 செ.மீ. தூக்கினால் மையமும் பீட்டரும் நேராகிவிடும்.

உங்கள் விளம்பரத் தாளில் ரைசர் உண்டு, பெட்டியில் இல்லை. கேட்டபோது "பீட்டர் கம்பியைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். இறக்கினால் கம்பியின் வால் அடியில் நீண்டு, பெடல் பலகையையும் காலையும் தட்டும். வீச்சும் குறுகும்; வீச்சு குறுகினால் அடியின் வேகம் போய்விடும். மைக் இல்லாத அறையில் அந்த வேகம் இல்லாமல் காரியம் நடக்காது.

பல நினைவூட்டல்களுக்குப் பிறகு ரைசர் வந்தது. அதைப் பொருத்தியதும் அடுத்த குறை தெரிந்தது. பேஸ் டிரம்மின் இரண்டு ஸ்பர் கால்களையும் முழுதாக இழுத்துவிட்டாலும் ரப்பர் நுனி தரையைத் தொடவில்லை, 3 செ.மீ. அந்தரத்தில் நிற்கிறது. ரைசரைக் கழற்றினால் கால்கள் சரியாக நிற்கின்றன. அதாவது, ரைசர் இல்லாத உயரத்துக்கு அளந்து செய்த கால்கள் இவை. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் டிரம்மை முன்னால் தள்ளுகிறது; அதைத் தடுத்து நிறுத்துபவை இந்தக் கால்கள்தான். அவை தரையில் ஊன்றாவிட்டால், கம்பளம் விரித்தாலும் டிரம் பாட்டுக்குப் பாட்டு நகரும், பக்கவாட்டில் ஆடும். மொசைக் தரையில் கேட்கவே வேண்டாம். மரக்கட்டையை அடியில் வைக்கச் சொன்னது உங்கள் கிளை. கட்டையும் டிரம்மோடு சேர்ந்து வழுக்குகிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஃப்ளோர் டாமில். எத்தனை முறை ட்யூன் செய்தாலும் ஒலி ஒரே சீராக நிற்காமல் அலையலையாக வந்து, ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொள்கிறது. எங்கள் ட்யூனிங்கில் பிழை என்று உங்கள் தரப்பு சொல்லக்கூடும் என்பதால் செய்த முறையைச் சொல்லிவிடுகிறோம். பழைய ஸ்கின்னை (டிரம்மின் தோலை) கழற்றி விளிம்பைத் துடைத்தோம். புது ஸ்கின்னை வைத்து அதை இறுக்கும் ஆறு ராடுகளையும் (திருகுக் கம்பிகளையும்) விரலால் முடிந்தவரை திருகினோம். பிறகு சாவியால் எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. நடுவில் உள்ளங்கையால் அழுத்தி ஸ்கின்னை அமரவிட்டோம். ஒவ்வொரு ராடுக்கும் நேரே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டிக் கேட்டுச் சுருதியை ஒன்றாக்கினோம். மற்ற டிரம்களிலும் இதே கை, இதே சாவிதான். அவை சரியாக நிற்கின்றன.

ஃப்ளோர் டாமில் மட்டும் இரண்டு ராடுகளுக்கு இடையே சுருதி செத்துக் கிடந்தது. குறை ஸ்கின்னிலா ஷெல்லிலா (டிரம்மின் கூட்டிலா) என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஸ்கின்னில் பென்சிலால் ஒரு குறி, அதற்கு நேரே ஷெல்லில் ஒரு குறி போட்டுக்கொண்டு, ஸ்கின்னை மட்டும் கால் வட்டம் திருப்பி மறுபடி ட்யூன் செய்யவேண்டும். செத்த இடம் ஸ்கின்னோடு சேர்ந்து நகர்ந்தால் பழுது ஸ்கின்னில். ஷெல்லின் அதே இடத்தில் நின்றால் பழுது ஷெல்லில். எங்கள் செட்டில் அது ஷெல்லின் குறியிலேயே நின்றது. இரண்டாவது ஸ்கின்னிலும் அப்படியே.

அதன்பிறகு ஷெல்லை வெறுமையாக்கி, சமையலறை கிரானைட் மேடையில் கவிழ்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்து அறையை இருட்டாக்கினோம். இரண்டு இடங்களில் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் கீறலாய் வந்தது. ஒன்று சரியாக அந்தச் செத்த இடம். கார் பட்டறைகளில் இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் 0.5 மி.மீ. தகடு அதற்குள் தடையின்றி நுழைந்தது. மேடையின் குறையாக இருக்குமோ என்று ஷெல்லைத் திருப்பி வேறிடத்தில் வைத்தும் பார்த்தோம்; இடைவெளி ஷெல்லோடுதான் திரும்பியது. அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கவேண்டாம். ஸ்கின் ஷெல்லைத் தொடுவதே அந்தக் கூரான விளிம்பில் மட்டும்தான். அங்கே பள்ளம் இருந்தால், அதை ஈடுகட்ட அருகிலுள்ள ராடை அதிகம் முறுக்கவேண்டும். முறுக்கினால் எதிர்ப்பக்கம் சுருதி ஓடும். எந்த டிரம்மராலும் இதைச் சாவியால் சரிசெய்ய முடியாது. ஒளிப்படங்கள் இணைப்பில் உள்ளன.

விளிம்பை மணல்தாளில் தேய்த்துத் தருவதாக உங்கள் கிளை சொன்னது. நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் வேலை பாதியோடு நின்றுவிடும். தட்டையான தளத்தில் மணல்தாளை ஒட்டி ஷெல்லைத் தேய்த்தால் பள்ளம் போகும். கூடவே விளிம்பின் கூரும் போகும். 45 பாகைச் சரிவின் உச்சி மழுங்கி அகலப்பட்டு, ஸ்கின்னின் அதிர்வை அமுக்கிவிடும். தேய்த்தபின் ரவுட்டர் இயந்திரத்தில் சரிவைப் புதிதாக வெட்டவேண்டும். அதற்கான வசதி கிளையில் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எனவே தேய்க்கும் வேலைக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. ஷெல்லையே மாற்றவேண்டும்.

ஸ்னேரின் குறை சிறியது, ஆனால் காதை அறுப்பது. 13 அங்குல ஸ்னேருக்கு 14 அங்குலக் கம்பிச்சரத்தைப் பூட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முனைத் தகடுகள் இரண்டும் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ.யாவது உள்ளே அமர்ந்தால்தான் கம்பிகள் அடிப்பக்க ஸ்கின்னில் படிந்து கிடக்கும். இதில் தகடுகள் விளிம்பின் மேலேயே ஏறி நிற்கின்றன. அதனால் ஓரங்களில் கம்பி தூக்கிக்கொண்டு, பேஸ் கிதார் ஒரு சுரம் வாசித்தாலே இரைகிறது. இரைச்சலை அடக்க ஸ்ட்ரெய்னரை (கம்பிச்சரத்தை இழுத்துப் பிடிக்கும் பூட்டை) இறுக்கினால் ஸ்னேரின் குரல்வளை நெரிகிறது, மெதுவான அடிகள் கேட்பதே இல்லை. அடிப்பக்க ஸ்கின் மிக மெல்லியது, வழக்கமாக 3 மில், அதாவது 0.08 மி.மீ.க்கும் குறைவு. தகட்டின் கூர்முனை அதை எப்போது வேண்டுமானாலும் கிழிக்கும். பத்துக்குப் பத்து அடி அறையில் கீபோர்டும் தபேலாவும் பக்கத்திலேயே இருக்கும்போது இந்த இரைச்சல் எல்லாருடைய வாசிப்பையும் கெடுக்கிறது.

டாம் பிடியில் இன்னொரு பொருந்தாமை. டாமைத் தாங்கும் எல் வடிவக் கம்பி 9.5 மி.மீ.; அது நுழையும் பிடியின் துளை 10.5 மி.மீ.க்கான அமைப்பு. வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்த்தோம். சிறகாணியை எவ்வளவு முறுக்கினாலும் பிடி கம்பியை ஒரே கோட்டில்தான் கவ்வுகிறது. நான்கைந்து பாட்டுக்குள் டாம் தலை சாய்ந்துவிடும். உயரத்தை நிறுத்தும் மெமரி லாக்கும் அதே பெரிய அளவு என்பதால் அதுவும் வழுக்குகிறது. இன்னும் முறுக்கினால் பிடியின் மரைதான் போகும்.

ஸ்டாண்டுகள் தட்டைக்கால் கொண்ட இலகு வகை என்று தாளில் இருக்கிறது. வந்தவை இரட்டைக் கம்பிக் கால்கள். கனமும் அதிகம், விரிந்தால் இடமும் அதிகம். ஹை-ஹேட் ஸ்டாண்டின் கால் பேஸ் பெடலோடு மோதுகிறது. பொருள் பழுதில்லை, ஆனால் நாங்கள் கேட்டதும் நீங்கள் விற்றதும் இது இல்லை.

பெடலையும் டாமின் ஷெல்லையும் பற்றி எங்களுக்குக் குறை இல்லை. 10 அங்குல டாம் நல்ல கருவி. அதன் விளிம்பு கிரானைட்டில் ஒளி கசியாமல் அமர்ந்தது. அதே ஆலை ஃப்ளோர் டாமையும் அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

எங்கள் கோரிக்கை: விளிம்பு சரிபார்க்கப்பட்ட புதிய 14 அங்குல ஃப்ளோர் டாம் ஒன்று. ரைசரோடு தரையைத் தொடும் நீளத்தில் ஸ்பர் கால்கள் ஒரு சோடி. 13 அங்குலத்துக்குரிய 20 கம்பிச் சரம் ஒன்று, அதோடு அடிப்பக்க ஸ்கின் ஒன்று, ஏனெனில் இப்போதுள்ளதில் தகட்டின் தடம் பதிந்துவிட்டது. 10.5 மி.மீ. எல் கம்பியும் அதற்கேற்ற மெமரி லாக்கும். விளம்பரத்தில் சொன்ன தட்டைக்கால் ஸ்டாண்டுகள் நான்கு. இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் இவை பினாங்குக் கிளைக்கு வந்து சேரவேண்டும். முடியாது என்றால் செட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 3,200 ரிங்கிட்டையும் திருப்பித் தாருங்கள். பணத்துக்குப் பதிலாகக் கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஏற்கத்தக்க தரத்தையும், 33ஆம் பிரிவு வாங்குபவர் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருள் பொருந்துவதையும், 34ஆம் பிரிவு விவரித்தபடியே பொருள் இருப்பதையும் உறுதிசெய்கின்றன. ஃப்ளோர் டாம் முதலாவதிலும், ஸ்பர் கால்கள் இரண்டாவதிலும், ஸ்டாண்டுகள் மூன்றாவதிலும் தவறுகின்றன. 14 நாளுக்குள் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்போம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது வழக்கல்ல, வாசிக்கத்தக்க செட்.

ஃப்ளோர் டாமை ஸ்கின் இல்லாமல், பென்சில் குறிகளை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். பார்க்க வருபவர் ஃபீலர் கேஜும் வெர்னியரும் கொண்டு வந்தால் போதும். கிரானைட் மேடையும் விளக்கும் இங்கே இருக்கின்றன. வருவதற்கு முதல் நாள் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். விலைப்பட்டியலின் மூலப்பிரதியையும் எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
கருவிப் பொறுப்பாளர்கள்,
மெல்லிசைக் குழு,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.