சித்தப்ரசாத் பின்னோக்குக் கண்காட்சி: ஞாயிறு உரையாடல்

உறுப்பினர்களுக்கு வணக்கம். அச்சோவியர் சித்தப்ரசாத் பட்டாச்சார்யாவின் (1915–1978) படைப்புகளைத் திரட்டி 2011-இல் தில்லி ஆர்ட் கேலரி நடத்திய பின்னோக்குக் கண்காட்சியைப் பற்றி வரும் ஞாயிறு மாலை நம் குழுவில் உரையாட இருக்கிறோம்.

1943-இன் வங்கப் பஞ்சத்தின்போது மிதுனாப்பூர் ஊர்களில் அலைந்து, பட்டினியால் ஒடுங்கிய உடல்களை மையால் வரைந்து அவர் வெளியிட்ட 'பசித்த வங்காளம்' நூலின் படிகளை ஆங்கிலேய அரசு கைப்பற்றி எரித்தது. குடும்பத்தார் காத்து வைத்திருந்த ஒரு படியால்தான் இன்று நாம் அதைக் காண முடிகிறது. ஆயினும் என் மனம் அதிகம் தங்குவது, உழைக்கும் சிறுவர்களைக் காட்டும் அவருடைய லினோகட் அச்சுகளில்தான். லினோலியத் தகட்டில் செதுக்கிய இடம் வெண்மையாக, செதுக்காத இடம் கருமையாகப் பதியும் இம்முறையில், குறைந்த செலவில் பல படிகள் எடுத்து எளிய மக்களிடம் சேர்க்கலாம். அவற்றை முன்கூட்டியே பார்த்துவிட்டு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.