வழி தப்பினா முதல்ல உக்காருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மலை ஏறப் போறவங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ஷூ, டார்ச், பவர் பேங்க், விசில்னு லிஸ்ட் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வழி தப்பிட்டா அந்த முதல் அரை மணி நேரம் என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்ல சார்.

நாலு வருஷம் முன்னாடி ஜவ்வாது மலையில நானும் மச்சானும் பாதைய விட்டுட்டோம். 'உக்காரு மாப்ள, அப்புறம் பாக்கலாம்'னாரு, நான் கேக்கல, வேகமா நடந்தா வெளிய வந்துரலாம்னு அவரையும் இழுத்துக்கிட்டு நடந்தேன், முக்கா மணி நேரம் கழிச்சு பாத்தா நான் தின்னுட்டு போட்ட கடலை மிட்டாய் கவர் என் கால்கிட்டயே கெடக்கு (குப்பை போட்டதுக்கு திட்டாதீங்க, அன்னைக்கு அதுதான் உண்மைய சொல்லுச்சு). 2009ல ஜெர்மனியில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆளுங்க மேல ஜிபிஎஸ் மாட்டி காட்டுல நேரா நடங்கன்னு விட்டிருக்காங்க, சூரியன் தெரிஞ்சவங்க ஓரளவு நேரா போனாங்க, மேகம் மூடின நாள்ல போனவங்க வட்டமடிச்சு வந்த வழியையே தாண்டியிருக்காங்க, அவங்களுக்கே தெரியல.

பொறுமைன்னா சும்மா கெடக்கறதுன்னு நெனைக்கிறோம், அது தப்பு. 2018 ஜூன் 23ல தாய்லாந்து தாம் லுவாங் குகையில 12 பசங்களும் ஃபுட்பால் கோச்சும் மாட்டினாங்கல்ல, ஜூலை 2 வரைக்கும் வெளிய இருந்து ஒரு ஆளும் வரல, சாப்பாடும் கையில இல்ல. கோச் முன்னாடி புத்த மடத்துல இருந்தவரு, பசங்கள தியானத்துல உக்கார வெச்சாரு, வெள்ளத் தண்ணி வேணாம் பாறையில சொட்டுற தண்ணிய குடிங்கன்னாரு, அப்புறம் கல்ல வெச்சு சுவத்த தோண்டியிருக்காங்க. அந்த குழி எங்கயும் போய் சேரல. ஆனா கைக்கு வேலை இருந்துச்சே, எனக்கு என்னவோ தியானத்த விட அந்த குழிதான் பெரிய விஷயமா படுது.

அடுத்த தடவை லிஸ்ட் போட்டா விசிலுக்கு பக்கத்துல 'ஊதிட்டு கொஞ்ச நேரம் காது குடுத்து கேளுங்க'ன்னு சேத்துக்கோங்க. அன்னைக்கு ஒருவழியா உக்காந்து, மச்சான் சொன்னாருன்னு பையில இருந்தத ஒண்ணொண்ணா எடுத்து துண்டுல அடுக்கிட்டு இருந்தப்ப கீழ எங்கயோ ஆட்டு மணி சத்தம். அது ரொம்ப நேரமா அடிச்சிட்டுத்தான் இருந்திருக்கும், நான் மூச்சு வாங்கின சத்தத்துல எனக்குத்தான் கேக்கல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்