கண்காட்சி நடுவர்களுக்கு, வலைக் கண்ணி பற்றி ஒரு மடல்

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவர்களாக வரும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

கடலோரப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவன் நான். எங்கள் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி ஒரு கண்காட்சிக்கு ஓர் அட்டை, ஒரு கட்டத்தாள், ஒரு டார்ச் லைட் மட்டும் கொண்டுபோனாள். அட்டை முழுக்கச் சதுர ஓட்டைகள். டார்ச்சை நகர்த்தினால் பின்னால் உள்ள கட்டத்தாளில் நிழலும் நகரும். எந்தெந்தக் கட்டத்தில் நிழல் என்று பார்த்து, வெளிச்சம் வந்த திசையைக் கணக்குப் போட்டுச் சொல்வாள். மேலே ‘ஆஸ்ட்ரோசாட்’ என்று, வானத்தை ஆராய இந்தியா அனுப்பிய செயற்கைக்கோளின் பெயரை எழுதியிருந்தாள். வந்த நடுவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ராக்கெட் எங்கேம்மா?” பரிசு பக்கத்து மேசையில் நின்ற தெர்மகோல் ராக்கெட்டுக்குப் போனது.

நடுவர் மேல் கோபமில்லை. ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி, இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்ட எஞ்சினைச் சோதிப்பதே அங்கேதான். இஸ்ரோ தலைவர்களாக வந்த சிவனும் நாராயணனும் நம் மாவட்டத்துக்காரர்கள், இருவருமே ராக்கெட் ஆட்கள். நமக்கு ராக்கெட் பாசம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

ஆனால் குளச்சலில் வள்ளத்தின் பெயின்டைப் பார்த்தா மீனை ஏலம் கேட்கிறோம்? 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி பிஎஸ்எல்வி சி-30 ஆஸ்ட்ரோசாட்டை 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்டதோடு ராக்கெட்டின் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. 5 ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பிய செயற்கைக்கோளோ அதையும் தாண்டி உழைத்தது. பிடித்த மீனெல்லாம் உள்ளே இருக்கும் கருவிகள் பிடித்தவை.

வானத்து எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுகிறது. மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். அங்கும் சாதாரணக் கண்ணாடி உதவாது. நேராக விழுந்தால் கதிர் திரும்பாது; குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி உரசிப் போனால்தான் தெறிக்கும். ஆற்றல் குறைந்த கதிர்களுக்கான தொலைநோக்கி, தங்கம் பூசிய தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இப்படித்தான் குவிக்கிறது. அதைவிட ஆற்றல் கூடியவற்றை வாயு நிரப்பிய மூன்று பெட்டிகள் எண்ணின. ஒன்றில் வாயு கசிந்துபோக, 2018-இல் அதை நிறுத்திவிட்டார்கள். விண்வெளியில் மின்னேற்றத் துகள்களின் மழை கூடினால் மற்றக் கருவிகளை எச்சரிக்க, துறைமுகத்துப் புயல் கூண்டு போல ஒரு குட்டிக் கருவியும் உண்டு. மீனுக்கு ஏற்ற கண்ணி, அவ்வளவுதான். நெத்தோலி வலையில் சுறா பிடிக்க யாரும் போவதில்லை.

ஆற்றல் இன்னும் கூடினால் அந்தக் கண்ணாடி வித்தையும் பலிக்காது. அப்போதுதான் நிழல். அரை மில்லிமீட்டர் டான்டலம் உலோகத் தகட்டில் ஓட்டைகள்; அடியில் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகங்களில் கதிரை உணரும் 16,384 புள்ளிகள். எந்தப் புள்ளியில் கதிர் விழுந்தது, எதில் நிழல் விழுந்தது என்பதிலிருந்து திசையைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். நம் பிள்ளை அட்டையில் செய்து காட்டியது இதைத்தான்! இதே கருவியைக் கொண்டு, நொடிக்கு 30 தடவை சுழலும் நண்டு நெபுலா துடிப்பு விண்மீனின் எக்ஸ் கதிர்களில் துருவமாக்கம், அதாவது கதிரின் அலை ஒரே திசையில் எவ்வளவு ஒழுங்காக அதிர்கிறது என்பதை, அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். பிறகு 2024 ஜனவரி 1-ஆம் தேதி, துருவமாக்கத்தை அளக்கவென்றே எக்ஸ்போசாட் என்ற செயற்கைக்கோள் போனது.

இன்னொன்று. இந்த இரண்டு செயற்கைக்கோள்களின் பாதையும் நிலநடுக்கோட்டிலிருந்து 6 டிகிரிதான் சாய்ந்தது. அந்தப் பாதையில் துகள் தொல்லை குறைவு. குமரிமுனை இருப்பது 8 டிகிரியில். அதனால் இவை நம் தலைக்கு மேல் வரவே வராது. கடல் பக்கம், தெற்கு வானத்தில்தான் போகும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் கண் விரிகிறது.

கேட்பது சின்ன விஷயம். மதிப்பெண் தாளில் ‘மாதிரியின் தோற்றம்’ என்ற வரிக்கு மேலே இரண்டு கேள்விகள் சேருங்கள்: இது எதை அளக்கிறது? எப்படி அளக்கிறது? பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

அந்த அட்டை எங்கள் ஆய்வக அலமாரியில்தான் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் மடங்கிவிட்டது. அவள் இப்போது வாயுப் பெட்டிக்கு மாதிரி செய்யப் பழைய டியூப் லைட் தேடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த கண்காட்சிக்கும் வருவாள், ராக்கெட் இல்லாமல்தான்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்