புதுப் பம்ப் வாங்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, பீடோரிலிருந்து வணக்கம்.

கொஞ்ச நாளாக ஒரே கதை. அட்டைப்பெட்டியும் கையுமாக யாராவது பட்டறைக்குள் நுழைகிறார். பெட்டிக்குள் புது வேக்குவம் பம்ப், அதாவது பிரேக்குக்கு வெற்றிடம் உண்டாக்கும் பம்ப். "பிரேக் கட்டை மாதிரி இருக்கு அண்ணே, இதை மாட்டிவிடுங்க, சாயந்திரம் குலை ஏத்தணும்" என்கிறார். முதலில் வெற்றிடத்தை அளந்து பார்த்துவிட்டு மாட்டுவோம் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. எதற்கு அளக்கிறோம், அதற்கு ஏன் 30 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறோம் என்று வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பிரேக் பூஸ்டர் என்பது வெற்றிடத்தின் பலத்தால் உங்கள் மிதிக்குத் துணை நிற்கும் பாகம். பெட்ரோல் எஞ்சின் திராட்டில் என்ற காற்றுக் கதவைத் தாண்டிக் காற்றை இழுக்கும்போதே அதற்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது, தனிப் பம்ப் வேண்டும். நம் பக்கம் செம்பனைக் குலை இழுக்கும் பழைய பிக்அப், சின்ன லோரி பலவற்றில் அது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். உள்ளே சுழலும் தகடுகளுக்கு எஞ்சின் ஆயில்தான் உயிர். உறிஞ்சிய காற்றும் அந்த ஆயிலும் சேர்ந்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடும்.

பிரேக் கட்டையானால் பம்ப் மட்டும்தான் காரணம் என்றில்லை. ரப்பர் ஹோஸ், ஒருவழி வால்வு, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, எதுவாகவும் இருக்கலாம். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு காய்கறி வேனுக்கு அளக்காமலேயே பம்ப் மாற்றிக் கொடுத்தோம். இரண்டாம் நாளே அதே புகாரோடு வந்து நின்றது. பம்ப் வாயில் வெற்றிட மீட்டரை வைத்தால் ஊசி சட்டென்று ஏறுகிறது, பூஸ்டர் பக்கம் வைத்தால் நத்தை மாதிரி ஊர்கிறது. ஹோஸைக் கத்தியால் கீறிப் பார்த்தோம். வெளியே பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. உள்ளே தோல் உரிந்து, நாக்கு மடிந்தாற்போல வழியை அடைத்துக் கிடந்தது. பம்ப் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து மீட்டர் வைக்காமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து எஞ்சினை அணையுங்கள். பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகிறது. அசையாமல் நின்றால் எங்கோ கோளாறு. அப்புறம், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதியே கட்டையாக இருந்தால் வால்வோ பூஸ்டரோ பிடித்து வைக்காமல் கசிகிறது. மிதிக்கும்போது காலருகே 'உஸ்ஸ்' என்று விடாமல் கேட்டால் பூஸ்டர் மேல்தான் எங்கள் சந்தேகம்.

இங்கே பம்ப் வாயிலேயே நேராக மீட்டரை மாட்டுவோம். ஐட்லிங்கில் பாதரசக் கணக்கில் 24 அங்குலத்துக்கு மேல் போனால் நல்ல பம்ப். 20ஐத் தாண்டவே திணறினால் அதற்கு வயதாகிவிட்டது. ஒரு வேடிக்கை: இங்கே 26 காட்டும் அதே பம்ப் கேமரன் மலை மேலுள்ள தானா ராத்தாவில் 21 தான் காட்டும். மேலே காற்றழுத்தமே குறைவு, பம்ப் மேல் குற்றமில்லை. கேமரன் மலையில் யாராவது அளந்து பயமுறுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

பம்ப்தான் போயிற்று என்று எங்களுக்கே அடித்துச் சொல்லத் தோன்றும் இடங்களும் உண்டு. ஆல்டர்னேட்டர் ஆயிலில் குளித்திருந்தால் இடையில் உள்ள சீல் போய்விட்டது. தாமதித்தால் ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷும் போகும், இரட்டைச் செலவு. பம்ப்பிலிருந்து டொக்டொக் சத்தம் வந்தாலும் அப்படியே. ஆனால் பம்ப்புக்கு ஆயில் கொண்டுவரும் குழாய் அடைத்திருந்தால் புதிதும் தேய்ந்துதான் போகும். மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் ஆயில்) மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கே இந்தக் கேடு அதிகம்.

வெற்றிடத்தால் டர்போவைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில் பிரேக்கோடு இழுவையும் குறையும். பழைய மெர்சிடிஸ் டீசலில் இன்னும் விசித்திரம்: சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது. அதை அணைப்பதே வெற்றிடம்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். கேமரனிலிருந்து தாப்பா பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டாதீர்கள். எஞ்சின் நின்றால் பூஸ்டரில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். வழியில் பெடல் கட்டையானால் காலை எடுத்து எடுத்து மிதிக்காமல், ஒரே மிதியாக முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், கியரைக் குறையுங்கள். பிரேக் அடியோடு போய்விடாது, கால்தான் வலிக்கும். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

30 வெள்ளியை, எங்களிடமே வேலை செய்தால் பில்லில் கழித்துவிடுவோம். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வண்டியைக் கொண்டுவாருங்கள், சில ஹோஸ் சூட்டில்தான் தன் குணத்தைக் காட்டும். ஏற்கெனவே பம்ப் வாங்கிவிட்டீர்களா? சரி, பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு எடுத்து வாருங்கள். தேவைப்படாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் டீசல் பட்டறை, பீடோர்